வெளிச்சத்தைக் குறைக்கிற வேலை

ஊருக்குப் போனால் சித்தப்பாவின் முதல் கேள்வி மாறாது. ‘‘இப்ப என்ன வேலை பிள்ளை பாக்கிறாய்?’’

மூளைக் கலங்களைப் படம் எடுக்கிற வேலை என்று ஒருமுறை சொன்னேன். ‘‘டாக்குத்தரோ?’’ என்றார். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. அடுத்த முறை, நுணுக்குக்காட்டி அறைக்குப் பொறுப்பு என்றேன். ‘‘ஓ, ஸ்டோர் கீப்பர்’’ என்று தானே முடிவுகட்டிக்கொண்டார். போன வருசம் ஆவணியில் முள்ளிவாய்க்கால் கரையில், படகு நிழலில் குந்தியிருந்தபோது அதே கேள்வி வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: ‘‘வெளிச்சத்தைக் குறைக்கிற வேலை, சித்தப்பா.’’

அவர் சிரிக்கவில்லை. ‘‘அப்ப லைட்கோஸுக்கு எதிரான வேலை எண்டு சொல்லன்.’’

லைட்கோஸ் என்பது எங்கள் கடலில் பெரிய வழக்கு. இரவில் படகிலிருந்து பலமான விளக்குகளைத் தண்ணீருக்குள் பாய்ச்சி, வெளிச்சத்தைத் தேடித் திரளும் மீனை வளைத்து அள்ளுவது. இதை எதிர்த்து முல்லைத்தீவு மீனவர்கள் பலதரம் தெருவுக்கு இறங்கியிருக்கிறார்கள். சின்ன மீனும் போகிறது, கரையோரத் தொழிலாளிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது பொதுவான குறை. சித்தப்பாவுக்கு அதோடு இன்னொரு குறையும் உண்டு. ‘‘வெளிச்சத்துக்கு வாற மீன் தன்ர பாட்டில வாற மீனில்லை. அதைப் பாத்திட்டு கடலில எவ்வளவு மீன் கிடக்கெண்டு கணக்குப் போடேலாது.’’

நான் மணலைக் கிளறிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பத்து வருசமாக நான் மாரடிக்கும் சிக்கலை மனிசன் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார்.

ஐரோப்பாவில் ஒரு மூளை ஆய்வுகூடத்தில், ஜன்னல் இல்லாத அறையில் எனக்கு வேலை. நுணுக்குக்காட்டியைச் சுற்றி ஒரு சூட்டுப்பெட்டி, உள்ளே 37 பாகை. அதற்குள் கண்ணாடி அடிபோட்ட சிறு தட்டு, தட்டில் எலிக் கருவின் மூளையிலிருந்து பிரித்து வளர்த்த நரம்புக்கலங்கள். (தமிழ்நாட்டு வாசகர்கள் செல் என்றும் நுண்ணோக்கி என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே அது கலம்தான், நுணுக்குக்காட்டிதான்.) ஒரு கலத்தின் உடல் மில்லிமீற்றரில் ஐம்பதிலொரு பங்குக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து புறப்படும் தந்தியோ உடலைப்போல் நூறு மடங்கு தூரம்கூட ஓடும். இரண்டு கிழமை விட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தமக்குள் சமிக்ஞை அனுப்பத் தொடங்கிவிடும்.

இவ்வளவும் நடந்தாலும் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் மங்கலான உருவத்துக்கு மேல் ஒன்றும் பிடிபடாது. கலம் தண்ணீரைப்போலத் தெளிந்தது. அதனால்தான் ஒளிரும் சாயம் ஏற்றுகிறோம். நீல ஒளியைக் கொடுத்தால் பச்சையைத் திருப்பித் தரும், பச்சையைக் கொடுத்தால் சிவப்பைத் தரும். 1852இல் கேம்பிரிட்ஜின் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் இந்தக் குணத்துக்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்த பொருட்களில் ஒன்று கொயினாக் கரைசல். மலேரியாவில் வன்னி கிடந்து உழன்ற காலத்தைப் பார்த்த என் அம்மம்மாவுக்குக் கொயினா என்றால் கசப்பு மட்டும்தான். அது புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிரும் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார். (இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது அவர் இல்லை.) விற்றமின் பி குளிசை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போவதை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அது ரைபோபிளேவின், அதுவும் ஒளிரும் சாதிதான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வில்லனாக வரும்.

இன்று உலகம் முழுக்க நரம்புக்கலங்களுக்குள் ஏற்றப்படும் பச்சைச் சாயத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை உண்டு. 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி ஒசாமு ஷிமோமுராவுக்கு வயது 16. நாகசாகியிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி இசஹாயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அணுகுண்டின் ஒளி ஜன்னலால் வந்து அவருடைய கண்ணை அரை நிமிடமளவு மறைத்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் கறுப்பு மழை. பேத்தியார் உடனே குளிக்கவார்த்தார். அந்தப் பையன் வளர்ந்து, கடலில் மினுங்கும் உயிர்களின் ஒளியைப் படிப்பதே தொழிலாகக் கொண்டார். 1961 கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பிரைடே ஹார்பர் என்ற இடத்தில் பத்தாயிரமளவு ஜெலிமீன்களை அள்ளினார்கள். எங்கள் கரையில் சொறி என்போமே, அந்த இனம். அதிலிருந்து பிரித்த பச்சைப் புரதத்தைப் பற்றி 1962இல் எழுதினார். 1994இல் மார்ட்டின் சல்பீ அந்தப் புரதத்துக்கான மரபணுவை ஒரு சிறு புழுவுக்குள் வைத்து, அதன் தொடுவுணர்வு நரம்புக்கலங்களை உயிரோடு பச்சையாக ஒளிரச் செய்தார். ரொஜர் சியென் அதிலிருந்து பல நிறங்களை உண்டாக்கினார். 2008 ஒக்டோபரில் மூவருக்கும் நோபல் பரிசு.

அந்த ஒக்டோபரில் இந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கிளிநொச்சிப் பக்கம் சனம் வீடுவாசலை விட்டு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு வயது பதின்மூன்று. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எனக்கு வெளிச்சம் என்றால் பரா. பரசூட்டில் ஆடி ஆடி இறங்கும் வெளிச்சக் குண்டு. நந்திக்கடல் பக்கமும் மணலும் தறப்பாள் கொட்டில்களும் இரவில் பட்டப்பகலாகத் தெரியும். பங்கருக்குள் அம்மா எங்கள் தலைகளை அமத்திப் பிடிப்பார். இதற்கு மேல் அதைப்பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. மனிதருக்கு நடந்ததை ஒரு தட்டிலுள்ள கலங்களோடு ஒப்பிட்டு நயம் காட்டுவது எனக்கு அருவருப்பான காரியம். வெளிச்சம் என்றாலே நன்மை என்ற நினைப்பு என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்த வேலைக்கு அது உதவுகிறது.

ஒளிரும் சாயமும் ஒளியும் சேர்ந்தால் உயிரைக் கொல்லும் என்பது நூற்றிருபத்தைந்து வருசப் பழைய சங்கதி. முனிச் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் அக்ரிடின் என்ற சாயம் பரமீசியங்களை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். குளத்துத் தண்ணீரில் நீந்தும் ஒற்றைக்கல உயிர் அது. ஒரே அளவு சாயம்தான், ஆனால் ஒரு நாள் சுருக்கெனச் செத்தன, இன்னொரு நாள் நெடுநேரம் தாக்குப்பிடித்தன. எங்கே பிழை என்று தேடியபோது, பிழைத்த நாளில் வானம் இடிமழைக்கு இருண்டிருந்தது நினைவுக்கு வந்ததாம். இருட்டில் வைத்தார், நீந்தின. வெளிச்சத்தில் வைத்தார், செத்தன. சாயம் இல்லாமல் வெளிச்சம் மட்டும் பட்டவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1900இல் இது அச்சில் வந்தது. பன்னிரண்டு வருசம் கழித்து பிரீட்ரிக் மேயர் பெற்ஸ் என்ற ஜேர்மன் வைத்தியர், இரத்தத்தின் சிவப்பிலிருந்து எடுத்த ஒரு பொருளில் 200 மில்லிகிராமைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலுக்குப் போனார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கி, இரண்டு மாதமளவு வெளிச்சத்துக்கு அஞ்சி வாழ்ந்தார். அந்த மனிசனின் துணிச்சலை மெச்சுவதா திட்டுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்களுக்கும் இது புதிதில்லை. தேசிக்காய் பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் நின்றால் தோலில் கறுத்த படை விழும். வெண்புள்ளிக்குக் கார்போகரிசி பூசி வெயிலில் இருக்கச் சொல்வது நாட்டு வைத்தியம். அங்கே நடக்கும் இரசாயனம் வேறு, ஆனால் மருந்து தனியே நின்றால் ஒன்றுமில்லை, வெயில் தனியே நின்றால் ஒன்றுமில்லை, இரண்டும் சந்தித்தால்தான் விளைவு என்ற ஏற்பாடு ஒன்றே.

நரம்புக்கலத்துக்குள் நடப்பது இதுதான். சாயத்தின் மூலக்கூறு ஒளியை வாங்கியதும் பெரும்பாலும் உடனே வேறு நிற ஒளியாகத் திருப்பிக் கொடுத்துவிடும். சில வேளை கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். அப்போது பக்கத்தில் ஒட்சிசன் வந்தால் அந்தச் சக்தியை அதன் தலையில் கட்டிவிடும். வெறியேறிய ஒட்சிசன் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும்: மென்சவ்வின் கொழுப்பை, புரதத்தை, மரபணு இழையை. சாயத்தையே கடித்துவிட்டால் ஒளிர்வு மங்கும். அது திரையில் தெரியும், உடனே கவனிப்போம். கலத்தைக் கடித்தால் ஒன்றும் தெரியாது. படம் முன்பைப்போலவே அழகாக வந்துகொண்டிருக்கும். இதுதான் பொல்லாத இடம். சாயம் மங்கவில்லை, ஆகவே கலம் நலம் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் செத்துக்கொண்டிருக்கும் கலத்தை மணிக்கணக்காகப் படம் எடுத்திருக்கிறார்கள். நானும்.

எவ்வளவு வெளிச்சம் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முள்ளிவாய்க்கால் மணலில் உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஆயிரம் வாற் அளவு, அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வாற்றில் பத்திலொன்று. எங்கள் லேசர் தட்டில் விழும்போது வெறும் 0.1 மில்லிவாற். கேட்டால் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், சாதாரண சுட்டுக்கோல் லேசரே இதைவிடப் பலமானது. ஆனால் அதை அரை மைக்ரோமீற்றர் அகலப் புள்ளியில் குவிக்கிறோம். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஐம்பதாயிரம் வாற் வருகிறது. உச்சி வெயிலைப்போல் ஐந்து இலட்சம் மடங்கு. ஒரு புள்ளியில் மைக்ரோசெக்கன் கணக்கில்தான் நிற்கும், பிறகு நகர்ந்துவிடும், உண்மை. ஆனால் ஆயிரம் படம் எடுத்தால் ஆயிரம் தரம் திரும்பி வரும்.

இதைத் தாங்க வேண்டியது எது? மண்டையோட்டுக்குள் பிறந்து, இருட்டிலேயே வாழ்ந்து முடியும் கலம். உடல் எடையில் இரண்டு வீதமான மூளை, உடல் வாங்கும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வெறியேற்றப்படக்கூடிய ஒட்சிசன் அங்கே தாராளம். இன்னொரு கரைச்சல், நரம்புக்கலம் பிரிந்து பெருகாது. பெருகும் கலங்களை ஆராய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஒளி பட்ட கலம் பிரிவதற்குப் பிந்தினால் அடி விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். நரம்புக்கலத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. வேறு கேள்விகள் தேட வேண்டும்.

இதை நான் கற்றது புத்தகத்தில் அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், நரம்புத் தந்திகளுக்குள் இழைமணிகள் ஓடுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கலத்துக்குச் சக்தி ஆக்கும் சின்ன உறுப்புகள் அவை. ஒற்றையடிப் பாதையில் சைக்கிள்கள் போலப் போகும், நிற்கும், திரும்பும். ஒரு மருந்து அந்த ஓட்டத்தை நிறுத்துகிறதா என்று பார்ப்பது வேலை. செக்கனுக்கு ஒரு படம், பத்து நிமிடம். மருந்து போட்ட தட்டில் எட்டாவது நிமிடத்துக்குள் எல்லாம் நின்றுவிட்டது. அடுத்த தட்டு, அதுவும் நின்றது. எங்களுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. வரைபடம் கீறி, வாராந்தக் கூட்டத்தில் காட்டினேன்.

கலம் வளர்க்கும் பகுதியில் இருபது வருசமாக வேலை செய்யும் ஒரு அம்மா பின்வரிசையில் இருந்தார். பட்டம் கிட்டம் ஒன்றும் இல்லாதவர். ‘மருந்து போடாத தட்டை எத்தனை நிமிடம் பார்த்தீர்கள்?’ என்று கேட்டார்.

இரண்டு நிமிடம். நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு நிமிடம்தான் எடுத்திருந்தேன்.

மறுநாள் மருந்து போடாத தட்டைப் பத்து நிமிடம் எடுத்தேன். எட்டாவது நிமிடம் எல்லாம் நின்றது. பத்துச் செக்கனுக்கு ஒரு படம் என்று குறைத்தேன், ஓட்டம் நிற்கவில்லை. மருந்து போட்டு, குறைந்த வெளிச்சத்தில் எடுத்தேன், அப்போதும் நிற்கவில்லை. மருந்து பாவம். நிறுத்தியது என் விளக்கு. இரண்டு மாத வேலை குப்பைக்குள் போனது. வரைபடத்தை மட்டும் கிழிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் சில பழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தட்டுக்கு லேசரே காட்டுவதில்லை. அதே சாயம், அதே சூடு, அதே நேரம் பெட்டிக்குள் இருக்கும், ஒளி மட்டும் கிடையாது. ஒளி படாத இடத்தை அதே தட்டில் பார்த்தால் போதாதா என்று புதிதாக வரும் மாணவர்கள் கேட்பார்கள். போதாது. ஒளியால் தண்ணீரில் உண்டாகும் நஞ்சு தட்டு முழுக்கப் பரவும், பக்கத்து வீட்டுக் கலமும் அதைக் குடிக்கும். தனித் தட்டுத்தான் சாட்சி.

பிறகு உருவத்தைப் பார்க்கிறோம், மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், சாயத்தின் உதவி இல்லாமல். அடிபட்ட நரம்புக்கலத்தின் மெல்லிய கிளைகளில் வீக்கங்கள் விழுந்து பாசிமணி கோத்ததுபோல் ஆகும். வளரும் நுனி விரல்களை விரித்துத் துழாவிக்கொண்டு போவது வழக்கம், அது கையை மடக்கிவிடும். உடலில் கொப்புளம் எழும். நீளநீளமாகக் கிடந்த இழைமணிகள் துண்டுதுண்டாகி உருண்டுவிடும். இவை எல்லாம் கொஞ்சம் பிந்திய அறிகுறிகள். முந்திப் பிடிக்க வேண்டும் என்றால் கலத்தின் பேச்சைக் கேட்க வேண்டும். நரம்புக்கலம் சும்மா இருக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் எழுபது மில்லிவோல்ற் அளவு மின்வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கும். அடிபட்டால் அந்தக் காவல் தளரும். காரணமில்லாமல் அடிக்கடி துடிக்கும், அல்லது ஒரேயடியாக வாயடைத்துப் போகும். வந்து போக வேண்டிய கல்சியம் போகாமல் உள்ளே தேங்கும். இழைமணியின் நலத்தைக் காட்டவும் ஒரு சாயம் இருக்கிறது, நலமாக இருந்தால்தான் உள்ளே தங்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாயமே ஒளி பட்டால் இழைமணியைக் கெடுக்கும். காய்ச்சலைப் பார்க்க வைத்த வெப்பமானியே காய்ச்சலைக் கொடுப்பதுபோல.

குறிபார்க்கும் நேரத்தையும் கணக்கில் எழுதுகிறோம். நல்ல கலம் எங்கே என்று தேடி, கூர்மை சரிபார்க்கும்போதே அது வாழ்நாள் பங்கில் பாதி ஒளியை வாங்கிவிடும். பதிவேட்டில் அது வராது. பழைய கருவிகளில் கமரா கண் மூடிய பின்னும் விளக்கு ஒரு கணம் எரிந்துகொண்டிருக்கும், யாருக்கும் உதவாத வெளிச்சம். இப்போதைய விளக்குகளைக் கமராவே ஏற்றி அணைக்கிறது. நிறமும் முக்கியம். ஊதா, நீலப் பக்கம் கொடியது, சிவப்புப் பக்கம் சாது. 2015இல் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க்கில் மார்க்குஸ் சாவரின் குழு இதை நிறம் நிறமாக அளந்து காட்டியது. 2017இல் ‘நேச்சர் மெதட்ஸ்’ இதழில் பிலிப் லைசூவும் சகாக்களும், உயிருள்ள கலத்தைப் படம் எடுப்பவர்கள் ஒளியால் வரும் கேட்டை எப்படி அளந்து பார்க்கவேண்டும் என்று எடுத்து எழுதினார்கள். ஆனாலும் இன்றும் கட்டுரைகளைப் புரட்டினால் மருந்தின் அளவு மூன்று தசமத்துக்கு இருக்கும், வெளிச்சத்தின் அளவு இராது. எனக்கு ஆத்திரம் வரும் இடம் இது.

இனி வில்லன். 2019இல் ஹார்வர்டிலிருந்து வந்த ஒரு ஆய்வு எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. சாயமோ வேறு எதுவுமோ ஏற்றாத வெறும் நரம்புக்கலங்களுக்கு நீல ஒளியைக் காட்டினார்கள். கலம் சமிக்ஞை வாங்கியபோது மட்டும் விழிக்க வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொண்டன. எந்தச் சமிக்ஞையும் கொடுக்கவில்லை, ஒளி மட்டும்தான். அடுத்து வந்த வேறொரு குழுவின் ஆய்வில், கலம் நீந்தும் போசணைத் திரவத்தை மாற்றியதும் அது அடங்கியது. குற்றவாளி சாப்பாட்டுக்குள் இருந்திருக்கிறது. அந்தத் திரவங்களில் ரைபோபிளேவின் உண்டு, கலத்துக்குச் சத்து. நீல ஒளி பட்டால் அது ஐதரசன் பரவொட்சைட்டு போன்ற நஞ்சுகளை உண்டாக்கும். கண்ணாடிப் போத்தலில் வெயில்படவைத்த பாலுக்கு ஒரு கெட்ட மணம் வருமே, அங்கும் வேலை செய்வது இதே ரைபோபிளேவின்தான். இப்போது ஒளியைத் தாங்கும் திரவங்கள் வந்துவிட்டன. படம் எடுக்கும் நாளில் மாற்றிவிடுகிறோம். அதுவரை உலகமெங்கும் எடுத்த எத்தனை படங்களில் கலம் பேசியது, எத்தனையில் சாப்பாடு பேசியது என்று யாரும் திரும்பிப்போய்ப் பிரிக்கப் போவதில்லை.

பார்க்கும் வழியே பார்க்கப்படுவதை மாற்றுவது வெளிச்சத்தோடு நிற்பதில்லை. இந்தியாவில் சந்தியா கௌஷிகாவின் குழு புழுக்களின் நரம்புக்குள் நடக்கும் இதே போக்குவரத்தைப் படிக்கிறது. துடிக்கும் புழுவை அசையாமல் வைக்க வழக்கமாக மயக்கமருந்து கொடுப்பார்கள். 2011இல் இவர்கள் மருந்தை விட்டுவிட்டு, மெல்லிய இறப்பர் சவ்வு ஒன்றால் புழுவை மெதுவாக அமத்திப் பிடிக்கும் சின்னக் கருவியைச் செய்தார்கள். மயங்கிய புழுவில் ஓட்டம் குறைந்திருந்ததும் தெரியவந்தது. சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024இல் வெளியிட்ட ‘தரணி’ வரைபடத்துக்கு இந்தப் பயம் ஒன்றுமில்லை. கருவிலிருந்த குழந்தைகளின் மூளையை 5,132 சீவல்களாகச் சீவி எடுத்த அபாரமான வேலை அது. சீவல் இறந்தது, எவ்வளவு வெளிச்சத்தையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். எங்களிடம் இருப்பது உயிர், அதனால்தான் இவ்வளவு கஞ்சத்தனம்.

கஞ்சத்தனத்துக்கு உதவும் கருவிகளில் எனக்குப் பிடித்தது ஒளித்தாள் நுணுக்குக்காட்டி. கிடுகு வேய்ந்த எங்கள் பழைய குசினியில் விடியப்புறம் கூரை ஓட்டையால் வெயில் சரிந்து விழும். அந்தச் சரிவுக்குள் மட்டும் அடுப்புப் புகை நெளிவது தெரியும், மற்ற இடமெல்லாம் இருட்டு. அதே தந்திரம்தான். மேலிருந்து முழுத் தடிப்புக்கும் ஒளியைக் குத்தாமல், பக்கவாட்டால் தாள்போல மெல்லிய ஒளியைச் செருகி, அந்த ஒரு தளத்தை மட்டும் பார்ப்பது. 2004இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் ஏர்ன்ஸ்ட் ஸ்டெல்சரின் குழு உயிருள்ள கருக்களுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டியது. பார்க்காத இடத்துக்கு வெளிச்சம் போகாது.

இப்போது வேறொரு வழியும் பிரபலம். இருட்டில் எடுத்த புள்ளிபுள்ளியான படத்தைக் கணினிக்குக் கொடுத்தால், அது பழகி வைத்திருப்பதைக் கொண்டு துப்புரவாக்கித் தரும். 2018இல் டிரெஸ்டனில் இருந்து வந்த முறை பிரமாதமானதுதான். நானும் பாவிக்கிறேன். ஆனால் அது எண்ணிக்கைக்கு மட்டும். இல்லாத கிளையை அழகாக வரைந்து தரக்கூடிய ஒன்றிடம் கிளை இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை.

அம்மா எனக்கு ‘அ’ எழுதப் பழக்கியது சிக்கன விளக்கில். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் எல்லார் வீட்டிலும் இருந்தது: ஜாம் போத்தல், அடியில் பஞ்சு, இரண்டு கரண்டி மண்ணெண்ணெய், நெல்மணி அளவு சுடர். அந்தச் சுடரில் கொப்பியின் ஒரு வரிதான் தெரியும். அடுத்த வரிக்குப் போத்தலை நகர்த்த வேண்டும். ஒரு வரியைப் படிக்க அது போதுமானதாகவே இருந்தது. புதிய மாணவர் யாராவது ‘படம் தெளிவில்லை, லேசரைக் கூட்டட்டுமா?’ என்று கேட்கும்போது நான் முதலில் திருப்பிக் கேட்பது, ‘எந்த வரியைப் படிக்கப் போகிறாய்?’ என்பதுதான். இழைமணி ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிய அதன் ஓரம் கூர்மையாகத் தெரியத் தேவையில்லை. ஒரு மங்கிய பொட்டு நகர்ந்தால் போதும்.

படம் எடுத்து முடிந்தாலும் தட்டை எறிவதில்லை. மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாள் காலை ஒரு சிவப்புச் சாயம் சொட்டிப் பார்க்கிறோம். மென்சவ்வு கிழிந்த கலத்துக்குள் மட்டும் அது புகும். ஒளி பட்ட தட்டிலும் படாத தட்டிலும் எண்ணி, பதிவேட்டில் ‘அடுத்த நாள்’ என்ற நிரலில் எழுதுகிறோம். இரண்டு தட்டுக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால், முதல் நாள் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்ப்பதில்லை. கலங்களைப் பார்க்க வந்த வேலையில் என் நேரத்தில் பாதி, பார்த்ததால் என்ன ஆனது என்று பார்ப்பதிலேயே போகிறது. இதைக் கூட்டங்களில் காட்ட முடியாது. ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

சித்தப்பா இப்போதெல்லாம் வட்ஸ்அப்பில் கதைக்கும்போது வேலை என்ன என்று கேட்பதில்லை. அவருக்கு அது லைட்கோஸுக்கு எதிரான வேலை, முடிந்தது. கலம், நரம்பு என்ற சொற்களும் அவருக்குத் தேவைப்படவில்லை. போன ஞாயிறு பின்னால் கடல் இரைய, கமராவை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்:

‘‘இண்டைக்கு வெளிச்சம் அடிச்ச உன்ர மீனெல்லாம் எப்பிடி?’’

‘‘இன்னும் பாக்கேல்லை சித்தப்பா. நாளைக்குக் காலமைதான் எண்ணோணும்.’’